எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது, ஆனாலும் உங்கள் முழங்கையைப் படம் எடுக்க வேண்டும்

கரூர்ப் பக்கம் வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டு, தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுக்கும் 42 வயது வாசகியின் கடிதம் இது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வலது கையில் பேனா நிற்கவில்லை என்று மகளை எழுதச் சொல்லி நான்கு பக்கம் அனுப்பியிருக்கிறார்.

எட்டு மாதத்துக்கு முன் வலது சுண்டுவிரலில் மதமதப்பு தொடங்கியது. அப்புறம் மோதிர விரலிலும் பாதி மரத்தது. நடு ராத்திரியில் விழிப்பு வந்து கையை உதறுவது வழக்கமாகிவிட்டது. மூன்று மாதமாகக் கத்தரிக்கோல் நழுவுகிறது, சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நிற்கிறது, முகம் கழுவும்போது கண்ணில் குத்துகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புறங்கையில் சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது. முதலில் பார்த்த டாக்டர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துத் தேய்மானம் என்று சொல்லி, கழுத்துப் பட்டையும் நரம்பு மாத்திரையும் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னொரு இடத்தில் முழங்கையைப் பக்கவாட்டில் ஒரே ஒரு படம் எடுத்து, "புதிய எலும்பு முறிவு இல்லை" என்று ரிப்போர்ட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தம்பி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். மாமியார் இனி ஒரு எக்ஸ்ரேயும் வேண்டாம், கதிர் உடம்புக்கு ஆகாது என்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: ஏழு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, வலது கைக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள், அன்றிலிருந்து அந்தக் கை முழங்கையில் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும், ஆனால் அதனால் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை.

அவர் கேட்பவை மூன்று. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் நரம்பிலும் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா? நரம்பில் கத்தி வைத்தால் கை விழுந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

அன்புள்ள சகோதரி,

"இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை" என்று தயங்கி நீங்கள் எழுதிய அந்தக் கொய்யா மர வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. அதைப் படித்த பிறகு முதல் மூன்று பக்கங்களையும் திரும்பப் படித்தேன். கையைத் தொட்டுப் பார்க்காமல் நோயை முடிவு செய்ய முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் எல்லாமே ஒரே இடத்தைக் காட்டுகின்றன. உங்கள் முழங்கையில், சுண்டுவிரலுக்குப் போகும் அல்னார் நரம்பு அழுந்துகிறது, அல்லது இழுபடுகிறது. சதை வற்ற ஆரம்பித்துவிட்டதால் இதை இனிமேல் தள்ளிப் போடக் கூடாது.

எக்ஸ்ரே எதைக் காட்டும்?

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி ஓடுமே, அது எலும்பு வலி இல்லை, அல்னார் நரம்பில் பட்ட அடி. முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்குள்தான் அந்த நரம்பு போகிறது. அடியில் எலும்பும் மூட்டும், மேலே ஒரு நார்ப்பட்டை. கையை நீட்டியிருக்கும்போது நரம்புக்குத் தாராளமாக இடம் இருக்கும். மடக்கினால் பட்டை இறுகி இடம் குறுகும், நரம்பும் எலும்பைச் சுற்றி இழுபடும். இரவில் கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கும்போது உங்களுக்கு விழிப்பு வருவது அதனால்தான்.

எக்ஸ்ரே சுண்ணாம்புச் சத்து அதிகம் உள்ள எலும்பை வெள்ளையாகக் காட்டும். நரம்பு, தசை, நார் எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிரித்துப் பார்க்க முடியாது. 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜென் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தபோது விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன, நரம்பு தெரியவில்லை. இன்றைய டிஜிட்டல் எக்ஸ்ரேயிலும் தெரியாது. ஆகவே "எக்ஸ்ரே நார்மல், நரம்பு நன்றாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும் அது தவறு. நரம்பு நசுங்கிச் சதை வற்றிப்போன பலருக்கு முழங்கை எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்.

டாக்டர்களான நாங்கள் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்வோம். நரம்பு கெட்டிருக்கிறதா, எந்த இடத்தில் கெட்டிருக்கிறது, ஏன் கெட்டது. முதல் இரண்டுக்கும் பதில் உங்கள் கையைத் தொட்டுச் சோதிப்பதிலும் கரண்ட் வைத்துப் பார்க்கும் நரம்புச் சோதனையிலும் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் எக்ஸ்ரே. பனாஸ் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், பழைய முழங்கைக் காயத்தால் பல வருடம் கழித்து இந்த நரம்பு செயலிழப்பதை 1878-லேயே எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 17 வருடம் இருந்தது, கையைப் பார்த்தும் நோயாளியின் கதையைக் கேட்டும்தான் அவர் அதைக் கண்டுகொண்டார்.

கழுத்தா, மணிக்கட்டா, முழங்கையா?

42 வயதில் யாருடைய கழுத்தைப் படம் எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரிவது சகஜம், வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். படத்தில் தேய்மானம் இருப்பதாலேயே உங்கள் சுண்டுவிரல் மரத்ததற்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. இந்த ஒரு தவறான இணைப்பால் மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு அலைபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த மாதங்கள் நரம்புக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

நீங்களே கவனித்து எழுதியிருப்பதைப் பாருங்கள். மோதிர விரலில் சுண்டுவிரல் பக்கப் பாதி மட்டும் மரத்திருக்கிறது, நடுவிரல் பக்கப் பாதி நன்றாக இருக்கிறது. விரலை இப்படி நடுவில் கோடு போட்டது போலப் பிரிப்பது பெரும்பாலும் அல்னார் நரம்புதான், கழுத்திலிருந்து வரும் வேர் நரம்பு அழுந்தினால் பொதுவாக இப்படிப் பிரியாது. மரப்பு மணிக்கட்டு ரேகையோடு நின்றுவிடுகிறது என்கிறீர்கள். கழுத்தாக இருந்தால் முன்கையின் உள்பக்கமும் சேர்ந்து மரக்கும். சரி, மணிக்கட்டில் அழுந்தலாமே என்றால், புறங்கையில் சுண்டுவிரல் பக்கமும் மரத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது, அதனால் மணிக்கட்டில் மட்டும் அழுந்தினால் புறங்கை தப்பித்துவிடும். இரண்டும் கழிந்தால் மிச்சம் முழங்கை.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கெட்டியான அட்டை ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் அட்டை இருக்கட்டும். மகளை இழுக்கச் சொல்லுங்கள். வலது கட்டைவிரலின் நுனி மூட்டு மட்டும் மடங்கிக்கொண்டு பிடிக்கப் பார்த்தால், அல்னார் நரம்பு இயக்கும் தசை வலுவிழந்திருக்கிறது என்று பொருள். 1915-ல் ஃப்ரோமான் என்ற மருத்துவர் விவரித்த சோதனை இது, இன்றும் நாங்கள் தினமும் செய்கிறோம்.

கழுத்து எக்ஸ்ரேயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிலருக்குக் கழுத்தின் கடைசி எலும்பில் கூடுதலாக ஒரு விலா எலும்பு முளைத்து, கைக்கு இறங்கும் நரம்புகளை உரசும். அது அந்தப் படத்தில் தெரியும், டாக்டர் ஒரு தடவை பார்த்துவிடட்டும். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: வருடக்கணக்கில் புகைப்பவருக்குத் தோள் வலியோடு சுண்டுவிரல் மரப்பும் வந்தால், நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலின் உச்சியைப் பார்க்காமல் விடக் கூடாது.)

உங்களுக்கு எக்ஸ்ரே ஏன் கட்டாயம்?

இவ்வளவு சொல்லிவிட்டு நானே எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். முழங்கையில் நரம்பு அழுந்தும் எல்லாருக்கும் அது பெரிதாக உதவுவதில்லை. பழைய முறிவு, கோணல், மூட்டு முழுதாக நீளாதது, மூட்டுத் தேய்மானம் இவற்றில் ஏதாவது இருந்தால்தான் எக்ஸ்ரே சிகிச்சையையே மாற்றும். உங்களுக்குப் பழைய முறிவும் இருக்கிறது, கோணலும் இருக்கிறது.

ஏழு வயதில் என்ன நடந்திருக்கலாம் என்று சொல்கிறேன். குழந்தைகள் கையை ஊன்றி விழும்போது முழங்கையின் வெளிப்பக்க முனை உடைவது அடிக்கடி நடக்கும். அந்த வயதில் அந்த முனை பெரும்பாலும் குருத்தெலும்புதான், அதனால் அன்றைக்கு எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் மெல்லிய சிம்பு போலத்தான் தெரிந்திருக்கும். உடைந்த துண்டை முன்கைத் தசைகள் இழுத்துக்கொண்டே இருக்கும், மூட்டுத் திரவமும் அதை நனைத்துக்கொண்டே இருக்கும். கம்பி போட்டு நிறுத்தாவிட்டால் பல குழந்தைகளுக்கு அது ஒட்டாமலே போய்விடும். வெளிப்பக்கம் ஒட்டாமல் மேலே ஏற, உள்பக்கம் வழக்கம்போல வளர, முன்கை வருடா வருடம் வெளியே சாயும். உள்பக்கம் போகும் நரம்பு, வளைந்த மூலையைச் சுற்றிப் போகும் கயிறு மாதிரி ஒவ்வொரு மடக்கலிலும் இழுபடும். இருபது, முப்பது வருடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் சுண்டுவிரல் மரக்கும். "அதனால் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், தாமதமாக வருவதுதான் இந்த நோயின் சுபாவமே. உங்கள் அப்பா அம்மா மேலோ கட்டுப் போட்டவர் மேலோ இப்போது கோபப்பட வேண்டாம், அந்தக் காலத்தில் கிராமத்தில் கிடைத்த உதவி அது.

"புதிய எலும்பு முறிவு இல்லை" என்ற ரிப்போர்ட்டில் "புதிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். சமீபத்தில் அடிபட்டதா என்று மட்டும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதுவும் பக்கவாட்டுப் படத்தில் இந்தக் கோணல் தெரியாது.

எந்தப் படங்கள் வேண்டும் என்று சொல்கிறேன், எழுதிக்கொண்டு போங்கள். கையை நீட்டி நேராக ஒன்று, செங்கோணமாக மடக்கிப் பக்கவாட்டில் ஒன்று. மூன்றாவதாக முழங்கையை முழுக்க மடக்கி அந்தப் பள்ளத்தின் வழியாகவே கதிர் போகும்படி ஒன்று, அதற்கு க்யூபிடல் டனல் வியூ என்று பெயர், பள்ளத்துக்குள் எலும்பு முள் வளர்ந்திருந்தால் அதில்தான் தெளிவாகத் தெரியும். கூடவே இடது கையின் நேர்ப்படம். எல்லாருக்கும் முழங்கை இயல்பாகவே 5 முதல் 15 டிகிரி வரை வெளியே சாய்ந்திருக்கும், உங்களுக்கு எவ்வளவு கூடுதல் என்பதை இடது கையோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். படம் எடுப்பவர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் எடுப்பார், ஆகவே "சிறு வயதில் முறிவு, அல்னார் நரம்பு பாதிப்பு" என்று டாக்டரைச் சீட்டிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு முழங்கை எக்ஸ்ரேயில் கிடைக்கும் கதிர் அளவு சுமார் 0.001 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நாம் எல்லாரும் வாங்குவது உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். ஐந்து படம் எடுத்தாலும் சும்மா வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் கிடைப்பதைத் தாண்டாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.-க்கு முன்னால்

தம்பியின் அக்கறை புரிகிறது. ஆனால் அந்தப் பணத்தை முதலில் நரம்புச் சோதனைக்குச் செலவழியுங்கள். முழங்கைக்குக் கீழும் மேலும் சிறு கரண்ட் கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பார்கள். முழங்கையைத் தாண்டும்போது வேகம் விநாடிக்கு 50 மீட்டருக்குக் கீழே போனாலோ, முன்கையில் இருப்பதைவிட 10 மீட்டருக்கு மேல் குறைந்தாலோ அடைப்பு அங்கேதான். சுளீர் என்று இருக்கும், தாங்கக் கூடியதுதான். கை குளிர்ந்திருந்தால் வேகம் தானாகவே குறைந்து காட்டும் என்பதால் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுப் போங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நரம்பே தெரியும், எங்கே வீங்கியிருக்கிறது, மடக்கும்போது எலும்பைத் தாண்டி வழுக்குகிறதா என்று நேரடியாகப் பார்க்கலாம். இவை முடிந்தும் சந்தேகம் மிஞ்சினால் எம்.ஆர்.ஐ. பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்றையும் நேரடியாகவே சொல்கிறேன், பயப்படாதீர்கள். நம் நாட்டில் அல்னார் நரம்பு கெடுகிறது என்றால் தொழுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் எந்த டாக்டரும் விடக் கூடாது, அந்த நோய் அதிகம் தாக்கும் நரம்புகளில் இது முதலாவது. உடம்பில் எங்காவது வெளிறிய, உணர்ச்சி குறைந்த தேமல் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கைக்கு மேலே நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா என்று டாக்டர் தடவிப் பார்ப்பார். தொழுநோயாகவே இருந்தாலும் அதை முழுமையாகக் குணப்படுத்தும் மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இந்த நோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியது 1940-களின் கடைசியில், அப்போதிலிருந்தே நம் மாநிலத்துக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. சர்க்கரை, தைராய்டு, பி12 அளவுகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஐந்து மாதமாகச் சாப்பிடும் நரம்பு மாத்திரையின் அட்டையை எடுத்துப் போங்கள். அழுந்தியிருக்கும் நரம்பை வைட்டமின் விடுவிக்காது. அதோடு பி6 அதிக அளவில் நாள்பட உள்ளே போனால் அதுவே கை கால் மரப்பை உண்டாக்கும். மருந்துக் கடையில் நீங்களாகத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டாம்.

ஆபரேஷன் பயம்

நரம்பில் கத்தி வைப்பதில்லை, நரம்பைச் சுற்றி இறுக்குவதைத்தான் வெட்டுகிறோம். சாதாரண நோயாளிக்கு நரம்பின் மேலிருக்கும் நார்ப்பட்டையை மட்டும் திறந்துவிட்டாலே போதும், நரம்பை இடம் மாற்றி வைப்பதற்கு இணையான பலன் கிடைக்கிறது என்பது பல ஒப்பீடுகளில் தெரிந்த விஷயம். உங்கள் நிலை வேறு. முழங்கை வெளியே சாய்ந்திருந்தால் பட்டையைத் திறந்த பிறகும் இழுவை தொடரும், அதனால் நரம்பை எலும்புக்கு முன்பக்கம் மாற்றி வைப்பதைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்போம். கோணல் மிக அதிகமாக இருந்தால் எலும்பையே திருத்துவது பற்றியும் பேச்சு வரும். எந்த வழி என்பதை அந்த நேர்ப்படம்தான் சொல்லும், எக்ஸ்ரேயை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. தழும்புக்குக் கீழே ஒரு திட்டு மரத்துப்போகலாம், தழும்பு நோகலாம், சீழ் பிடிக்கலாம், சிலருக்கு மறுபடியும் அழுந்தும். வற்றிய சதை முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைக்குக் கிட்டத்தட்ட 25 முதல் 30 சென்டிமீட்டர் தூரம், அதாவது ஒரு வருடத்தை ஒட்டி ஆகும். தசையோ ஒன்றரை வருடத்துக்கு மேல் நரம்புக்காகக் காத்திருக்காது. கை விழுந்துவிடுமோ என்ற பயம் ஆபரேஷனைவிட இப்படியே விடுவதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். வெறும் மதமதப்பு மட்டும் இருந்திருந்தால் மூன்று மாதம் பழக்கத்தை மாற்றிப் பார்ப்போம் என்றிருப்பேன். குழி விழுந்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாக்டரைப் பார்க்கும்வரை ராத்திரியில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள், மடங்காமல் இருந்தால் போதும். மெஷின் மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றாதீர்கள், போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். யாரும் எண்ணெய் போட்டு இழுத்து நிமிர்த்த விடாதீர்கள். இஸ்திரிப் பெட்டியில் கவனம் வேண்டும், மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்கே போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். முன்பு எடுத்த படங்களையும் ரிப்போர்ட்டையும் அந்தந்த இடத்தில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான விதியே இருக்கிறது. உள்ளே போனதும் உங்களிடம் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், கொய்யா மரத்திலிருந்து விழுந்த கதையை முதல் வாக்கியமாகச் சொல்லி, இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுங்கள்.